கை ராசியா, மண் ராசியா? ஒரு சாடி மண்ணின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டு விறாந்தையிலோ யன்னலோரத்திலோ ஒரு சாடியில் எதையாவது நட்டு, அது செத்துப்போய், "நமக்கு இது சரிவராது" என்று கைவிட்டவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

2022 ஆம் ஆண்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை, மரக்கறிக் கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்த நாட்கள். அப்போது பாடசாலைகளில் எல்லாம் வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். நான் படிப்பிப்பது வரலாறு. ஆனாலும் தோட்டப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. நமது ஊரின் நிலைமை உங்களுக்குத் தெரியும். கரையோர ஊர். வீட்டுக்கு வீடு ஒட்டியபடி மதில். நாலு பேர்ச், ஆறு பேர்ச் வளவில் வீடு போக மிஞ்சுவது கிணற்றடிதான். மிஞ்சியதும் வெறும் கடற்கரை மணல். அதனால் தரம் 7 பிள்ளைகளிடம் யோகட் கப் கொண்டுவரச் சொல்லி, வகுப்பறை யன்னலோரத்தில் மிளகாயும் தக்காளியும் போட்டோம்.

மண்ணுக்கு என்ன செய்வது? ஒரு பிள்ளையின் வாப்பா புத்தளம் பக்கம் லொறி ஓடுபவர். தும்பாலைக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்த தும்புச்சோறு நாலு உரப்பை கொண்டுவந்து தந்தார். பக்கத்துப் பட்டியில் ஈரமான மாட்டுச்சாணம் கிடைத்தது. இரண்டையும் கலந்தேன். "இதுதான் பிள்ளைகளே சேதனப் பசளை, இரசாயனம் ஒன்றும் இல்லை" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஆறாம் நாள் முளைத்தது. பிள்ளைகளுக்கு என்ன சந்தோசம்! பத்தாம் நாள் முளைகள் அடித்தண்டில் நூல்போல மெலிந்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தப்பியவை மஞ்சளாகி அப்படியே நின்றன. இரண்டு கிழமையில் முப்பத்திரண்டு கப்பில் மூன்றுதான் மிச்சம்.

ஒரு பிள்ளை தன் கப்பை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து சொன்னாள்: "சேர், என்ட கை ராசியில்லையாம். உம்மாவும் சொல்றா. நான் இனி நடல்ல."

பிழை அந்தப் பிள்ளையின் கையில் இல்லை, கலந்த என்னில்தான் என்று எனக்கு விளங்கியது. ஆனால் என்ன பிழை என்று சொல்லத் தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான், ஒரு சாடி மண்ணுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு இருப்பது தெரிந்தது.

முதலில், மண்ணோடு மரத்தைத் தூக்கிப் போனவர்கள்.

எகிப்தில் ஹட்ஷெப்சுட் என்ற அரசி ஆண்டாள். சுமார் 3,500 வருடங்களுக்கு முன். புந்த் என்ற தேசத்துக்குக் கப்பல் அனுப்பிச் சாம்பிராணி மரங்களைக் கொண்டுவரச் செய்தாள். அவள் கட்டிய தெய்ர் அல்-பஹ்ரி ஆலயச் சுவரில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. வேரோடும் மண்ணோடும் மரங்களைக் கூடையில் வைத்து ஆட்கள் காவிக்கொண்டு போகிறார்கள். மரத்தை இடம் மாற்ற வேண்டுமென்றால் அதன் மண்ணில் ஒரு பகுதியும் கூடவே போக வேண்டும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

அடுத்தது அந்தலூஸ். நமது பிள்ளைகளுக்கு அந்தலூஸ் என்றால் கொர்டோவாப் பள்ளிவாசலும் அல்ஹம்ராவும்தான் தெரியும். அங்கே விவசாயத்துக்கென்றே ஓர் அறிவு மரபு இருந்தது. 11 ஆம் நூற்றாண்டில் தொலேடோவில் இப்னு பஸ்ஸால் என்ற அறிஞர் அரச தோட்டத்தில் வேலை செய்தார். 1085 இல் தொலேடோ கைமாறிய பின் செவில் நகருக்குப் போனார். அவர் எழுதிய விவசாய நூலில் மண்ணைப் பத்து வகையாகப் பிரிக்கிறார். பழைய நூல்களைப் பார்த்து எழுதாமல், தான் கையால் செய்து பார்த்ததை எழுதியவர் என்பதுதான் அவருடைய சிறப்பு. நூறு வருடம் கழித்து அதே செவிலில் இப்னுல் அவ்வாம் பெரியதொரு விவசாயக் களஞ்சியமே எழுதினார். அதில் 585 தாவரங்கள் பேசப்படுகின்றன. அந்த நூல் செடியில் தொடங்கவில்லை. மண், அதற்குப் பிறகு எரு, அதற்குப் பிறகு தண்ணீர் என்றுதான் போகிறது.

எருவைப் பற்றி இவர்கள் சொன்னதில் ஒன்று என்னைச் சுட்டது. புறா எச்சம், ஆட்டெரு, குதிரை எரு, குளியல் மண்டபங்களின் சாம்பல், குப்பைகூளம் மக்கிய எரு என்று வகை வகையாகப் பிரித்து எழுதிய அவர்கள், எருவைப் பழசாக்கித்தான் போட வேண்டும், புதுச்சாணம் செடிக்குக் கெடுதல் என்று எச்சரித்திருக்கிறார்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னர் எழுதி வைத்ததைத் தெரியாமல் நான் ஈரச்சாணத்தைப் பிள்ளைகளின் கப்பில் போட்டிருக்கிறேன்.

இனி நமது நாட்டுக்கு வருவோம்.

1829 இல் லண்டனில் நத்தானியேல் வார்ட் என்ற வைத்தியர், ஓர் அந்துப்பூச்சிக் கூட்டை ஈரமண்ணோடு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகச் செய்த வேலை. ஆனால் கொஞ்ச நாளில் அந்த மண்ணில் பன்னமும் புல்லும் தானாக முளைத்தன. லண்டன் புகையில் அவர் நட்டு நட்டுச் செத்துப்போன அதே வகைப் பன்னம்! மூடிய கண்ணாடிக்குள் மண்ணிலிருந்து எழும் ஈரம் சுவரில் பட்டு மீண்டும் மண்ணுக்கே இறங்குவதைக் கண்டார். அதை வைத்துக் கண்ணாடிப் பெட்டி செய்தார். 1833 இல் அந்தப் பெட்டிகளில் செடிகள் லண்டனிலிருந்து சிட்னி வரை கடலில் உயிரோடு போய்ச் சேர்ந்தன. இன்று வீட்டுக்குள் கண்ணாடிப் போத்தலில் செடி வளர்க்கிறோமே, அதன் மூதாதை இதுதான்.

இந்த வார்ட் பெட்டி இலங்கையின் தலைவிதியையே மாற்றியது. 1876 இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 றப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 2,700 அளவில்தான். அதில் 1,919 கன்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் மண்ணோடு கொழும்புக்கு வந்தன. பெரும்பாலானவை உயிரோடு வந்து சேர்ந்தன. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் நட்டார்கள். பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட றப்பர் செய்கைக்கு ஆரம்பம், சில பெட்டிகளில் வந்த கொஞ்ச மண்தான்.

ஆனால் மண்ணோடு செடி மட்டும் பயணம் செய்வதில்லை. பூச்சியும் புழுவும் பங்கசும் கூடவே வந்துவிடும். அது விளங்கிய பிறகு நாடுகள் சட்டம் போடத் தொடங்கின. அமெரிக்கா 1919 இல் மண்ணோடு செடி இறக்குவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2021 மே மாதம் நமது நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடை செய்யப்பட்டது. பிறகு சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. மாதிரியில் பயிருக்குத் தீங்கான பக்டீரியா இருப்பதாக நமது தாவரத் தொற்றுத் தடைகாப்புச் சேவை சொன்னது. அனுப்பிய நிறுவனம் மறுத்தது. கப்பல் இறக்கப்படாமலே திரும்பியது. கடைசியில் நாம் 67 இலட்சம் டொலர் கட்டினோம். தடையும் நவம்பரில் நீங்கியது. அதற்குள் வயலில் நின்ற விவசாயி பட்ட நட்டத்தை நமது கிழக்கு மாகாணத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "சேதனம்" என்ற பெயர் இருந்தால் மட்டும் ஒரு பொருள் சுத்தமாகிவிடாது. பதப்படாத எருவில் நோயும் இருக்கலாம் என்ற பாடத்தை நாடே விலை கொடுத்துப் படித்தது. நான் அதை யோகட் கப்பில் படித்தேன்.

இப்போது என் கேள்விக்கு நேரான பதில்.

முன்பு இங்கிலாந்தில் பெரிய வீட்டுத் தோட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் இரகசியக் கலவை இருந்தது. புல்வேரோடு வெட்டி அடுக்கி மக்கவிட்ட மண், இலைமக்கு, ஆட்டெரு, செங்கல்தூள், புகைக்கரி, மணல் என்று ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு கணக்கு. சமையற்காரர் மசாலாக் கணக்கைச் சொல்லாத மாதிரி அவர்களும் சொல்லமாட்டார்கள். செடி வந்தால் "கை ராசி". வராவிட்டால் பயிலுநர் பையனின் பிழை.

ஜோன் இன்னஸ் என்ற லண்டன் வணிகர் 1904 இல் இறந்தார். அவர் விட்டுப்போன சொத்தில் 1910 இல் லண்டனை அண்டிய மேர்ட்டனில் ஒரு தோட்டக்கலை ஆய்வு நிறுவனம் ஆரம்பித்தது. அங்கே பரம்பரையியல் ஆய்வுக்காகப் பிரிமுலா என்ற பூச்செடியை வளர்த்தார்கள். படித்த ஆட்கள், நல்ல கண்ணாடி வீடு, அனுபவமுள்ள தோட்டக்காரர்கள். அப்படியிருந்தும் நாற்றுகள் கூட்டமாகச் செத்தன. என் யன்னலோரத்தில் நடந்த அதே விசயம்!

1930 களில் வில்லியம் லோரன்சும் ஜோன் நியூவெலும் இதை விடாமல் ஆராய்ந்தார்கள். பல வருடம், பல பரிசோதனை. இரண்டு காரணம் கண்டார்கள். ஒன்று, மண்ணில் இருந்த நோய்க்கிருமி. பித்தியம் போன்ற பங்கசுகள்தான் முளையின் அடித்தண்டை அழுகச் செய்து சாய்க்கின்றன. இரண்டு, மண்ணில் உணவுச் சமநிலை இல்லை. முதலாவதற்கு நீராவியால் மண்ணைச் சுமார் 82 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினார்கள். அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கினால் மண்ணில் அமோனியா சேர்ந்து நாற்றுக்கே நஞ்சாகிவிடும் என்பதால் கணக்கான சூடு. இரண்டாவதற்கு அளவான பொஸ்பேற்றும் சுண்ணாம்பும்.

நூறு இரகசியக் கலவைகளுக்குப் பதிலாக அவர்கள் இரண்டுதான் தந்தார்கள். விதை போட: 2 பங்கு பசுமண், 1 பங்கு பீட், 1 பங்கு மணல். வளர்க்க: 7 பங்கு பசுமண், 3 பங்கு பீட், 2 பங்கு மணல், அதோடு கொம்பு-குளம்புத் தூள், சுப்பர் பொஸ்பேற்று, பொட்டாசு அடங்கிய உரம். 1939 இல் புத்தகமாக வெளியிட்டார்கள். உலகப் போர் வந்து, ஒவ்வொரு வீட்டாரும் உணவு பயிரிட வேண்டிய நெருக்கடி வந்த நேரம் அது. அந்த நிறுவனம் இந்தக் கலவையை விற்று இலாபம் பார்க்கவில்லை. யாரும் செய்யலாம் என்று கணக்கைத் திறந்து வைத்தது. ஆசிரியனாக எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஒருத்தனின் கை ராசியாக இருந்ததை எல்லோருக்கும் பொதுவான அறிவாக மாற்றினார்கள்.

பிறகு அமெரிக்காவில் நல்ல பசுமண் கிடைப்பது கஷ்டமானதால் மண்ணே இல்லாத கலவைகள் வந்தன. 1957 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் மணலும் பீட்டும் கலந்த முறையை வெளியிட்டார்கள். 1960 களில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பீட்டோடு வேர்மிகியுலைட், பேர்லைட் சேர்த்தார்கள். இன்று கடையில் பையில் விற்கும் கலவைகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை.

பீட் என்றால் என்ன? குளிர்நாட்டுச் சதுப்பு நிலத்தில் பாசி முழுதாக மக்காமல் படிந்து படிந்து உண்டான பொருள். நமது முத்துராஜவெலவிலும் பீட் படிவு உண்டு. வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் அது வளரும். ஒரு மீற்றர் வெட்டி எடுத்தால் ஆயிரம் வருடத்து உழைப்பு போய்விடும். உலக நிலப்பரப்பில் 3 வீதம் அளவே உள்ள இந்தச் சதுப்புகள், காடுகள் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிடக் கூடுதலான காபனை வைத்திருக்கின்றன. இது விளங்கிய பிறகு, 1980 களிலிருந்து மேற்கு நாட்டார் பீட்டுக்கு மாற்றுத் தேடினார்கள். கிடைத்தது எது தெரியுமா? நாம் தெருவோரம் கொட்டி வைத்திருந்த தும்புச்சோறு.

உண்மையில் அது அவர்களுக்குப் புதிதும் அல்ல. விக்டோரியா இராணி காலத்திலேயே, கயிறும் பாயும் பின்னத் தும்பு எடுத்த பிறகு மிஞ்சிய தூளை லண்டன் தோட்டக்காரர்கள் வாங்கிப் பாவித்தார்கள். இடையில் மறந்துபோய், நூறு வருடம் கழித்துத் திரும்பி வந்தார்கள். இன்று குருநாகல், புத்தளம் பக்கத்துத் தும்புச்சோறு கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி, "கொகோபீட்" என்ற பெயரோடு உலகம் முழுக்கப் போகிறது. நாம் அதன் மதிப்பை வெளிநாட்டான் சொல்லித்தான் அறிந்தோம்.

நான் விட்ட பிழை இங்கேதான் விளங்கியது. ஏற்றுமதிக்குப் போகும் கொகோபீட்டைக் கழுவுகிறார்கள். நான் கழுவவில்லை. மட்டையை உவர்நீரில் ஊறப்போடுவதாலும், தென்னையின் இயல்பாலும் தும்புச்சோறில் உப்பு தங்கியிருக்கும். அதோடு, பச்சையாக உள்ள தும்புச்சோறு தான் மக்குவதற்காக மண்ணில் உள்ள நைதரசனை எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது. முளைகள் சாய்ந்ததற்கு ஈரச்சாணமும், தேங்கிய ஈரமும், பங்கசும் காரணம். தப்பியவை மஞ்சளானதற்கு உப்பும் நைதரசன் குறைவும் காரணம். ராசிக்கு இதில் இடமே இல்லை.

இன்னொரு விசயம். தோட்டத்து மண்ணை அப்படியே சாடியில் போட்டால் ஏன் சரிவருவதில்லை? நிலத்தில் தண்ணீர் கீழே கீழே இறங்கிப் போகும். சாடியில் அடி வந்தவுடன் நின்றுவிடும். நனைந்த ஸ்பொஞ்சைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் சொட்டி நின்றுவிடும். நிமிர்த்திப் பிடித்தால் இன்னும் கொட்டும். உயரம் குறைந்தால் அடியில் தண்ணீர் தங்கும். சாடியும் அப்படித்தான். அடியில் கல்லும் ஓட்டுத்துண்டும் போட்டால் தண்ணீர் வடியும் என்பது தவறு. ஈரம் தங்கும் இடம் அந்தக் கல்லுக்கு மேலே ஏறி வேருக்குக் கிட்ட வரும், அவ்வளவுதான். முழுக் கலவையும் காற்றோட்டமாக இருக்க வேண்டும். துவாரம் அடைபடாமல் ஒரு துண்டு வலை போதும்.

நாங்கள் இரண்டாம் முறை செய்த கலவையை எழுதுகிறேன். ஜோன் இன்னஸ் கணக்கை நமது ஊர்ப் பொருளுக்கு மாற்றியதுதான்.

விதை போட: கழுவிய தும்புச்சோறு 2 பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு அரித்தது 1 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு. கடல் மணல் வேண்டாம்.

வளர்க்க: மேல்மண் 2 பங்கு, தும்புச்சோறு 2 பங்கு, கூட்டெரு 2 பங்கு, கருக்கிய உமி 1 பங்கு. ஒரு வாளிக் கலவைக்கு ஒரு பிடி எலும்புத்தூள். இரசாயன பொஸ்பேற்றின் இடத்துக்கு அதுதான்.

தும்புச்சோறை நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். உவர்க்கிணறு உள்ள வீட்டார் மழைத்தண்ணீரைப் பிடித்துச் செய்யுங்கள். கூட்டெருவில் சூடு இருக்கக்கூடாது, சாண மணமும் வரக்கூடாது. மழை பெய்த மண்ணின் மணம் வர வேண்டும். மேல்மண்ணை அரித்து, ஈரமாக்கி, பாவிக்காத பழைய இடியப்பச் சட்டியில் வைத்து அவியுங்கள். நடுவில் உள்ள மண் கைவைக்க முடியாத சூடு வந்து அரைமணி நேரத்தில் இறக்கிவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்தச் சட்டியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கவும் வேண்டாம்.

கலவை சரியா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு கப்பில் பத்துப் பயறு போடுங்கள். ஒரு கிழமையில் எட்டு, ஒன்பது முளைத்துப் பச்சையாக நின்றால் கலவை நல்லது. சாய்ந்தால், மஞ்சளானால் திரும்பக் கழுவுங்கள், எருவை இன்னும் மக்கவிடுங்கள். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவென்றால் மிளகாய் வேண்டாம். புதினா, மல்லி, வல்லாரையில் தொடங்குங்கள்.

இரண்டாம் முறை விதை போடும் நாளில், நடமாட்டேன் என்று சொன்ன பிள்ளை பின்வாங்கில் இருந்தாள். லோரன்சின் கதையைச் சொன்னேன். பெரிய ஆய்வு நிறுவனத்திலும் நாற்று செத்தது, அவர்கள் கையைக் குறை சொல்லாமல் மண்ணைப் பார்த்தார்கள் என்றேன். "போன முறை பிழை விட்டது நான்தான் மகள், நீங்க இல்ல" என்றும் சொன்னேன். வகுப்பே என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழும்பி வந்து கப்பை எடுத்தாள்.

அந்த முறை முப்பத்திரண்டில் இருபத்தாறு தப்பியது. ஆறு செத்தது. அவளுடையது நின்றது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்து, முதல் காய்த்த ஐந்து மிளகாயைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "உம்மா தரச் சொன்னா" என்றாள்.

நமது உம்மம்மாமாரும் மீன் கழுவிய தண்ணீர், சாம்பல், முட்டைக்கோது என்று எத்தனையோ கணக்கு வைத்திருந்தார்கள். அவர்களோடு அது போய்விடக்கூடாது. உயிரோடு இருப்பவர்களிடம் இன்றே கேளுங்கள், எழுதி வையுங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். பிள்ளை நட்டது செத்தால், கையைக் குறை சொல்லாமல் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள்.